டச்சு தொடங்குற பிள்ளைகளுக்கு: ஆங்கிலத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்க

கலியாணம் முடிஞ்சு, மாப்பிள்ளை நெதர்லாந்திலயும் நீங்க மட்டக்களப்பிலயும் என்றால், விசாவுக்கு முதல் ஒரு பரீட்சை இருக்கிறது. கொழும்பில் உள்ள நெதர்லாந்துத் தூதரகத்துக்குப் போய்க் கணினி முன் இருந்து செய்ய வேண்டும். வாசிப்பு, பேச்சு, அந்த நாட்டைப் பற்றிய அறிவு என்று மூன்று பகுதி. மூன்றுக்கும் சேர்த்துக் கட்டணம் 150 யூரோ. தரம் ஏ1, அதாவது ஆகக் கீழ்ப்படி. படிக்கவோ வேலைக்கோ போறவர்களுக்கு இது இல்லை.

நான் அங்கே கனகாலம் இருந்து, ஓய்வெடுத்த பிறகு கல்லடிக்கு வந்தவள். பின்னேரத்தில் எங்கட விறாந்தைக்கு நாலைந்து பிள்ளைகள் டச்சு படிக்க வருகிறார்கள். கொப்பியைத் திறந்த உடனே எல்லாரும் ஆங்கிலத்தைத்தான் தேடுவார்கள். யூரியூப்பும் டியோலிங்கோவும் ஆங்கிலத்தில் விளக்குவதால் வந்த பழக்கம். ஆங்கிலம் பாதி தெரிந்த பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. டச்சுக்குத் தேவையான பல சாமான் தமிழிலேயே இருக்கிறது.

தொண்டையில் உரசுகிற அந்தச் சத்தத்தை எடுங்க. ஜி என்ற எழுத்துக்கும் சிஎச் என்ற கூட்டுக்கும் அதுதான். புதிதாகப் படிக்கிறவர்கள் ஆகப் பயப்படுவதும் இதற்குத்தான். எஃகு, அஃது என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்க. ஃ வருகிற இடத்தில் நின்று, நாக்கை மேலே ஒட்டாமல் மூச்சை மட்டும் தள்ளுங்க. அவ்வளவுதான். இதில் நான் ஃக என்று எழுதினால் ககரம் வேண்டாம், அந்த உரசல் மட்டும் போதும். காலை வணக்கம் 'ஃகூயெ மொர்ஃகெ', நல்லது 'ஃகூட்', எட்டு 'அஃக்ட்'. மாப்பிள்ளை தெற்கே லிம்பர்க், பிராபன்ட் பக்கம் என்றால் அங்கத்தையச் சத்தம் இன்னும் மெதுவு, தொண்டை நோகாது.

அடுத்தது குறில் நெடில். 'மன்' என்றால் ஆண், 'மான்' என்றால் நிலா. 'பொம்' குண்டு, 'போம்' மரம். தமிழ்க் காதுக்கு இது சோறு தின்ற மாதிரி. எழுத்தில் மட்டும் ஒரு விதி இருக்கிறது. 'மான்' என்பதற்கு ஏ எழுத்து இரண்டு போடுவார்கள். பன்மையில் 'மானெ' ஆகும்போது அசை திறந்துவிடுவதால் ஒரு ஏ போதும். 'மன்' பன்மையில் 'மன்னெ' ஆகும்போது குறிலைக் காப்பாற்ற என் எழுத்தை இரட்டிப்பார்கள். வாசிப்புப் பகுதியில் தடுமாறுகிற பிள்ளைகள் அநேகமாக இதில்தான் தடுமாறுகிறார்கள், ஒரு பின்னேரம் முழுக்க இதோடு இருங்க.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'டக்' என்று நாம் எழுதுவதற்குள் இரண்டு சொல் ஒளிந்திருக்கிறது. ஒன்று கூரை, மற்றது மரக்கிளை. முதல் எழுத்து ஒன்றில் டி, மற்றதில் ரீ. தமிழில் இரண்டும் டகரம்தான். அதனால் நான் இங்கே தமிழில் எழுதுவது வழிகாட்ட மட்டும். உங்கட கொப்பியில் முதல் நாளே டச்சு எழுத்தில் எழுதுங்க. தமிழில் ஒலி எழுதிப் பாடமாக்கிய பிள்ளையைத் திருத்துவது மினக்கெட்ட வேலை.

உதட்டைக் குவித்துச் சொல்கிற சத்தங்களுக்குக் கண்ணாடி வேண்டும். விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு, உள்ளே 'ஈ' சொல்லுங்க, ஒன்று கிடைக்கும். அதே உதட்டோடு 'ஏ' சொன்னால் இன்னொன்று. 'எய்' என்று தொடங்கி உதட்டைக் குவித்தால் மூன்றாவது. இந்த மூன்றாவதை எந்தத் தமிழெழுத்தாலும் எழுத ஏலாது. வீடு, வெளியே என்று ஒரு நாளில் பல தரம் வாயில் வரப்போகிற எத்தனையோ சொல்லுக்குள் இது கிடக்கிறது. நல்ல காலத்துக்கு, வெங்காயத்துக்கு டச்சுப் பெயரே அந்தச் சத்தம் மட்டும்தான், முன்னும் பின்னும் எதுவும் இல்லை. கறிக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் சொல்லச் சொல்வேன். மாமி ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும்.

இனி வசனம். டச்சு வசனத்தில் வினைக்கு இரண்டாவது கதிரை. 'நாளைக்கு' என்று தொடங்கினால் அடுத்தது 'போறேன்', அதற்குப் பிறகுதான் 'நான்': 'மொர்ஃகெ ஃகா இக் நார் கல்முனை.' ஆங்கிலம் பழகிய பிள்ளை 'மொர்ஃகெ இக் ஃகா' என்று விடும். ஆனால் இரண்டு வினை வந்தால் மற்றது வசனத்தின் கடைசிக்குப் போய்விடும். 'இக் ஹெப் ரெய்ஸ்ட் ஃகெஃகேட்டெ': நான் சோறு சாப்பிட்டேன். சோறு முன்னுக்கு, சாப்பிட்டது பின்னுக்கு, நம்மட ஒழுங்கு. 'ஏனென்றால்' என்பதற்கு 'ஓம்டட்' போட்டால் ஒரு வினையே இருந்தாலும் அது கடைசிதான்: 'ஓம்டட் இக் ரெய்ஸ்ட் ஏட்'. வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதற்கு மாதக்கணக்கில் அழுவார்கள். நீங்க அழத் தேவையில்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெ' வருமா 'ஹெட்' வருமா என்பதற்கு முழு விதி இல்லை. அதிகம் 'டெ'. பன்மை எல்லாம் 'டெ', சின்னது என்று காட்டும் 'யெ' ஈற்றுச் சொல் எல்லாம் 'ஹெட்'. மிச்சத்தைச் சொல்லோடு சேர்த்தே பாடமாக்குங்க.

நேரம் சொல்வதில் கவனம். 'ஹல்ஃப் அஃக்ட்' என்றால் எட்டரை இல்லை, ஏழரை. எட்டுக்குப் போகிற வழியில் பாதி வந்தாச்சு என்ற கணக்கு. டொக்டரிடம் ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நிற்கிற ஆக்கள் இதனால்தான். எண்களும் தலைகீழ்: இருபத்தொன்றை 'ஏன்-என்-ட்வின்டிஃக்', ஒன்றும் இருபதும் என்பார்கள். உங்கட ரெலிபோன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லிப் பழகினால் ஒரு கிழமையில் பிடிபடும்.

சிலர் கேட்பார்கள், ஒல்லாந்தர் இங்கே ஆண்டவர்கள்தானே, நமக்குச் சொல் தெரிந்திருக்காதா என்று. 1638இல் அவர்கள் போர்த்துக்கேயரிடம் பிடித்த மட்டக்களப்புக் கோட்டைக்குள்தான் கனகாலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நடந்தது. கந்தோர், லாச்சி, நொத்தாரிசு எல்லாம் அவர்கள் விட்டுப்போனதுதான். கக்கூஸும் அவர்களுடையதுதான், ஆனால் அங்கே போய் அதைச் சொல்லாதீங்க, கொச்சை. 'வே-சே' எங்கே என்று கேளுங்க. பரீட்சைக்கு இந்தச் சொத்தால் பெரிய பிரயோசனம் இல்லை.

பரீட்சைக்கென்று படிக்க 'நார் நேடர்லன்ட்' என்ற அரசாங்கப் பாடத்தொகுதி இணையத்தில் இருக்கிறது. சமூக அறிவுப் பகுதியில் கேட்பது எல்லாம் அதிலுள்ள 100 படத்திலிருந்துதான். கேள்வியும் விடையும் முன்னமே கையில். குடும்ப டொக்டரைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடக்கூடாது, அவசரத்துக்கு 112, மாகாணம் 12 என்று போகும். காசு கொடுத்து ரியூசன் தேவையில்லாத பகுதி இது.

பயிற்சி வேண்டியது பேச்சுப் பகுதிக்கு. ஆள் முன்னால் இருக்காது, கணினி கேட்கும், நீங்க மைக்கில் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு பிள்ளையிடம் சகோதரர் எத்தனை பேர் என்று டச்சில் கேட்டேன். விரலை மடித்து மடித்து யோசிக்கிறது. என்னடி என்றால், 'பெரியப்பாட மக்களையும் சேர்க்கிறதா ரீச்சர்?' என்கிறது. உண்மையை யாரும் விசாரிக்கப் போறதில்லை. 'இக் ஹெப் ட்வே ப்ரூர்ஸ்', இரண்டு சகோதரன் என்று முழு வசனமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்க. தினமும் பத்துக் கேள்விக்கு வட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து நீங்களே கேளுங்க. காது பழக, சிறுவர்களுக்கான தொலைக்காட்சிச் செய்தி 'யேஃக்ட்ஜூர்னால்' நல்லது, பெரியாக்களின் செய்தியை விட மெதுவாகவும் தெளிவாகவும் இருக்கும்.

மாப்பிள்ளையையும் வேலை வாங்குங்க. கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் நாலரை. அவர் ஆறு மணிக்கு வீடு வந்தால் இங்கே ஒன்பதரையோ பத்தரையோ. அந்தக் கோலில் முதல் பத்து நிமிசம் தமிழ் கூடாது என்று சொல்லி வையுங்க. ஆம்பிளைகள் இரண்டாம் நாளே தமிழுக்கு வந்துவிடுவார்கள், நீங்க விடாதீங்க.

இணையத்தில் பதிந்து காசு கட்டிய பிறகுதான் தூதரகத்தில் நாள் எடுக்கலாம். மூன்று பகுதிக்கும் தனித்தனியாகக் கட்டலாம் என்பதால், ஒன்றில் தவறினால் அதை மட்டும் திருப்பிச் செய்யலாம். இரவு மீனகயா ரயிலில் போறவர்கள் பரீட்சையைக் காலையிலேயே வைக்காதீங்க, நித்திரை இல்லாத வாயில் 'ஃக' வராது. சித்தியடைந்த கையோடு கொப்பியைக் கடைக்குப் போடவும் வேண்டாம்: 2022இல் வந்த சட்டப்படி, அங்கே போய் மூன்று வருசத்துக்குள் பெரும்பாலானவர்கள் ஏ1இலிருந்து இரண்டு படி மேலே, பி1 வரை ஏற வேண்டும்.