மின் ஸ்கூட்டர் மானியம்: பழைய கணக்கோடு ஷோரூமுக்குப் போகாதீர்கள்

"எதிர்வீட்டுக்காரருக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் குறைந்ததாமே?" மின் ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியோடுதான் கிளம்புகிறார்கள். அவருக்குக் குறைந்தது உண்மைதான். ஆனால் அவர் வாங்கிய வருஷத்தைக் கேட்டீர்களா?

2021 ஜூன் முதல் 2023 மே வரை, மத்திய அரசின் மின் வாகன மானியத் திட்டமான ஃபேம்-2இல் பேட்டரி கொள்ளளவின் ஒரு கிலோவாட்-ஹவருக்கு 15,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்-ஹவர் வண்டி என்றால் 45,000. 2023 ஜூனில் 10,000 ஆக்கி, வண்டி விலையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2024 அக்டோபரில் வந்த அடுத்த மானியத் திட்டமான பி.எம். இ-டிரைவில் 5,000தான், அதுவும் வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025-26இல் இரண்டும் பாதியாகின. ஆக, எதிர்வீட்டுக்காரருக்கு 45,000 கிடைத்த அதே வண்டிக்கு அந்த ஆண்டில் 5,000! சொந்த உபயோகத்துக்கான மின் காருக்கு இந்தத் திட்டத்தில் ஒன்றுமே கிடையாது.

மானியம் பின்னால் பேங்க் கணக்கில் வந்து விழும் என்று காத்திருப்பது அடுத்த தப்பு. அதை டீலர் பில்லிலேயே கழித்துவிடுவார். கம்பெனி அரசிடம் வாங்கிக்கொள்ளும். இ-டிரைவில் இதற்காக ஆதார் சரிபார்த்து உங்கள் பெயரில் ஒரு இ-வவுச்சர் வரும், அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு வண்டிதான். தம்பி வண்டிக்கு அவசரத்தில் உங்கள் ஆதாரைக் கொடுத்தால், நாளைக்கு உங்கள் வண்டிக்கு முழு விலை. பில்லையும் வரி வரியாகப் பாருங்கள். சார்ஜருக்குத் தனியாகக் காசு வாங்கிய சில கம்பெனிகள் 2023இல் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது.

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று விற்கும் 25 கிலோமீட்டர் வேக வண்டிக்கு மானியமும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். சி.என்.ஜி., ஹைபிரிட் கார்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேட்டரியில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு உள்ள 5 சதவீத ஜி.எஸ்.டி. இவற்றுக்குக் கிடையாது.

வருமான வரியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 80இஇபி பிரிவில் மின் வாகனக் கடனுக்கு ஒன்றரை லட்சம் வரை கழிக்கலாம் என்பது சரி. ஆனால் அது வட்டிக்கு மட்டும். மாதத் தவணையைப் பன்னிரண்டால் பெருக்கி ஆபீசில் கொடுத்தால் செல்லாது, அசலும் அதில் கலந்திருக்கிறது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது. அப்புறம், கடனுக்கு அனுமதி கிடைத்த தேதி 2019 ஏப்ரல் 1க்கும் 2023 மார்ச் 31க்கும் இடையில் இருக்க வேண்டும். வண்டி என்றைக்கு வீட்டுக்கு வந்தது என்பது கணக்கே இல்லை. சேங்ஷன் லெட்டரை எடுத்து அதன் தேதியைப் பாருங்கள். 2023 ஏப்ரல் என்று இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ரிட்டர்னை முடியுங்கள்.