எடைப் பயிற்சி: விருப்பப்படியா, வழிகாட்டுதலின்படியா?

தம் விருப்பப்படி எடைப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் பலர், கண்ணாடியில் தெரியும் மார்புக்கும் கைக்கும் நேரத்தைக் கொடுத்துவிட்டு, முதுகையும் தொடையையும் மறந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலோ, முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வாரத்தில் 2 நாட்களாவது பயிற்சி தரச் சொல்கிறது. தொடக்கநிலையினர், 8 முதல் 12 முறை மட்டுமே சரியான நிலையில் தூக்க முடிகிற எடையைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேலும் ஓரிரு முறை தூக்க முடிந்தால், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற வல்லுநர் அமைப்பு 2009-இல் பரிந்துரைத்தபடி, 2 முதல் 10 சதவீதம் வரை எடையைக் கூட்டலாம். 20 கிலோ தூக்குபவருக்கு அது அதிகபட்சம் 2 கிலோதான் (பக்கத்தில் இருப்பவர் எத்தனை எடைத் தட்டு மாட்டினாலும் சரி). தொடைக்கு ஸ்குவாட்டா (எடையோடு உட்கார்ந்து எழுவது) லெக் பிரஸ்ஸா (எந்திரத்தில் காலால் எடையைத் தள்ளுவது), காலையா மாலையா என்பதையெல்லாம் அவரவர் வசதிக்கே விட்டுவிடலாம்; ஆனால் தூக்கிய எடையையும் எண்ணிக்கையையும் அன்றன்றே நோட்டில் குறித்துக்கொள்ளாவிட்டால், அடுத்த வாரம் எடையைக் கூட்டுவது வெறும் ஊகமாகிவிடும்.