பிக்கப் டிரக் ஆட்டோ ஏசி: கேஸ் ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாம் வைத்த டிகிரிக்கு ஏற்பத் தானே குளிரைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஏசி கொஞ்சம் முரண்டு பிடித்தாலே நம்மில் பலர் முதலில் செய்வது குளிரூட்டும் கேஸ் ஏற்றுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். 22 டிகிரி வைத்தால் ஒரு நேரம் நடுங்க வைக்கும், இன்னொரு நேரம் புழுங்க வைக்கும். ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் ஏற்றியும் வண்டி மாறவில்லை. கடைசியில் பார்த்தால், ஸ்டீயரிங் பக்கத்தில் டேஷ்போர்டில் இருக்கும் சின்னச் சல்லடைத் துளையில் தூசி அப்பிக் கிடந்தது. அதைத் துடைத்ததும் சரியாகிவிட்டது.

அந்தத் துளைக்குப் பின்னால்தான் கேபினின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. ஒரு குட்டி ஃபேனோ மெல்லிய குழாயோ கேபின் காற்றை இழுத்து அதன்மேல் படவைக்கும். துளை அடைத்துக்கொண்டால் சென்சாருக்கு டேஷ்போர்டுக்கு உள்ளே தேங்கிய காற்றுதான் கிடைக்கும். கேபின் குளிர்ந்தது அதற்குத் தாமதமாகத் தெரியும், சூடானதும் தாமதமாகத்தான் தெரியும். சாதாரண ஏசியில் முடிவெடுப்பது நம் கை. ஆட்டோ ஏசியில் முடிவெடுப்பது இந்தச் சென்சார்கள். அதனால் வண்டி கிறுக்குத்தனமாக நடந்தால், அதற்கு என்ன தகவல் போகிறது என்று முதலில் பாருங்கள். சோதிப்பது எளிது: ஏசியை ஓடவிட்டு, சின்ன டிஷ்யூ துண்டு ஒன்றை அந்தத் துளையில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். விழுந்துவிட்டால் சுத்தம் செய்யுங்கள், ஆனால் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் வேகமாக ஊதாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபேன் தாங்காது.

இன்னொரு சென்சார் டேஷ்போர்டின் மேலே, முன் கண்ணாடியை ஒட்டி, கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கும். வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பார்ப்பது அதுதான். அதன்மேல் டேஷ்போர்டு விரிப்பு, ரசீது, தொப்பி என்று எதையாவது போட்டு வைத்தால், உச்சி வெயிலிலும் இருட்டு என்று எண்ணிக் குளிரைக் குறைத்துவிடும். சில வண்டிகளில் ஏசி பட்டன்களை அழுத்தியே சுய சோதனை செய்ய முடியும். அதை ஷெட்டுக்குள் வைத்துச் செய்தால், வெயில் படாத காரணத்தால் நல்ல சென்சாரையே பழுது என்று காட்டக்கூடும். அதை நம்பிப் புதியது வாங்கிவிடாதீர்கள்.

வெளி வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் பெரும்பாலும் முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடு பட்டு அதிகமாகக் காட்டும், ஓட ஆரம்பித்ததும் மெதுவாக இறங்கும். அது பழுது இல்லை. ஆனால் -40 டிகிரி மாதிரி நம்பவே முடியாத எண் வந்தால் ஒயர் அறுந்திருக்கலாம். முன்பக்கம் கம்பி பம்பரோ வின்ச்சோ மாட்டிய பிக்கப்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். வெளியே உறைபனி என்று நினைக்கும் வண்டி, கேஸை அழுத்திச் சுற்றவிடும் ஏசி கம்ப்ரசரையே ஓடவிடாது.

சீக்கிரம் குளிரட்டும் என்று கடைசி அளவான ‘லோ’வில் வைப்பதும் வீண். கேபின் கொதிக்கும்போது 22 வைத்தாலே ஆட்டோ ஏசி முழு வேகத்தில்தான் ஓடும். குளிர்காலக் காலையில் காற்றை ஊதும் ஃபேனான புளோயர் மெதுவாகச் சுற்றினால் மோட்டார் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். எஞ்சின் தண்ணீர் சூடாகும்வரை காலில் குளிர்காற்று அடிக்கக் கூடாது என்று அது காத்திருக்கிறது.

டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் வந்தால் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவின் மோட்டாரைச் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைவது சகஜம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு பல வண்டிகளில் அந்தக் கதவுகள் தங்கள் எல்லையைத் தாமே அளந்துகொள்ளும். அந்த ஒன்றிரண்டு நிமிடம் ஏசி பட்டன்களைத் தொடாமல் இருங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அளவு வைக்கும் வண்டியில் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக வந்தால் இதே கதவு காரணமாக இருக்கலாம். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும், ஏனென்றால் கூலிங் காயிலின் ஒரு பாதிதான் குளிரும். ஆக, கேஸ் சோதனை தேவைப்படும் இடம் இது. அப்போதும் இருப்பதன் மேலேயே குத்துமதிப்பாக ஏற்ற விடாதீர்கள். இருக்கும் கேஸை முழுதாக எடுத்து, கசிவு பார்த்து, குழாய்களில் மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து (வேக்குவம்), பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அளவுப்படி எடைபோட்டு ஏற்ற வேண்டும். அளவு மீறினாலும் குளிர் குறையும். கேஸிலும் வகை உண்டு: ஆர்-134ஏ போடும் வண்டியில் ஆர்-1234ஒய்எஃப் போடக் கூடாது, மாற்றியும் கூடாது.

பிக்கப்பில் வரும் இன்னொரு தொல்லை: ஓடும்போது குளிர்கிறது, நின்றால் குளிர் போகிறது. இதற்கு ஆட்டோ ஏசியைக் குறை சொல்லாதீர்கள். மண்சாலையில் ஓடி, கேஸின் சூட்டை வெளியேற்ற வண்டியின் முன்னால் இருக்கும் கண்டென்சரில் சேறு அடைத்திருக்கலாம், அல்லது எஞ்சின் ஃபேனின் கிளட்ச் தளர்ந்திருக்கலாம். ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது எஞ்சின் சூடு எல்லை தாண்டினால், எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்ரசரை வண்டியே நிறுத்திவிடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது “ஏசி சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் வைத்த டிகிரி, வெளி வெப்பமாகத் திரை காட்டிய எண், காற்று வரும் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த எண், அப்போது வண்டி நின்றதா ஓடியதா என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். ஏசியின் பழுதுக் குறியீடுகளையும் படிக்கும் ஸ்கேனர் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் குறியீடுகளை மட்டும் படிக்கும் சின்னக் கருவியில் இந்தப் பழுதுகள் பெரும்பாலும் தெரியாது.