பழைய பில் புக்கை எடைக்குப் போடாதீங்க

இட்லிப் பொடி, முறுக்குன்னு ஒரு பெயர் வைத்து விற்கிறீர்களா? அதே பெயரை வேறொருவர் பதிவு செய்துவிட்டு உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், உடனே போர்டை இறக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் (டிரேட்மார்க்) சட்டத்தின் 34-வது பிரிவு, முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்துபவரைக் காக்கிறது. பதிவு செய்தவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவருடைய பதிவு நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்னால் நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும்.

அதை நிரூபிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கவர் அடித்த அச்சகத்தின் பில், தேதி போட்ட விளம்பர நோட்டீஸ், கடைப் பெயருள்ள உணவு உரிமம், ஜிஎஸ்டி பில் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். மெஷினில் வரும் வழுவழு பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். (பார்க்க எப்படி இருந்தாலும், முதலில் அடித்த கவரையும் தூக்கிப் போடாதீர்கள்!)

பதிவு செய்யாத உங்கள் பெயரை வேறொருவர் காப்பியடித்தாலும், நற்பெயரை வைத்து வழக்குப் போடலாம். ஆனால் அலைச்சல் அதிகம். தனிநபரும் சிறு நிறுவனமும் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகை) அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மசாலாப் பொடி 30-வது வகுப்பு, ஓட்டல் 43. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

விண்ணப்பித்த கையோடு பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ மட்டும் பதிவு கிடைத்த பிறகுதான். முந்திப் போட்டால் 107-வது பிரிவின்படி அபராதம்.