பெயிண்ட் அடிக்காத ஸ்மோக்கரை ஹூஸ்டன் ஈரத்தில் காப்பாற்றுவது

அமெரிக்காவில், ஹூஸ்டன் பக்கம் பெயிண்ட் அடிக்காத இரும்பு ஸ்மோக்கர், அதாவது விறகுப் புகையில் கறியை மெல்ல வேகவைக்கும் அடுப்பு, வாங்கினால், இறக்கி வைத்த அந்த வாரமே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். மெக்சிகோ வளைகுடாக் காற்று வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் ஈரமாகத்தான் வீசும். துருப்பிடிக்க மழைகூட வேண்டாம். இரவுப் பனி போதும், காலையில் மூடியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் தூள் படிந்திருக்கும்.

என்னிடம் இருப்பது கால் அங்குலத் தகட்டில் செய்த ஆஃப்செட் வகை. ஒரு பக்கம் விறகு எரியும் ஃபயர்பாக்ஸ், நடுவில் கறி வைக்கும் நீள உருளை, மறுமுனையில் புகைபோக்கி. தோசைக்கல் பழக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். எண்ணெயை மெல்லத் தடவிச் சூடாக்கினால் அது இறுகி, இரும்பின் மேல் கருப்புத் தோலாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் கல் அடுக்களைக்குள் இருக்கிறது, இது வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதனால் உள்பக்கத்துக்கு ஒரு வைத்தியம், வெளிப்பக்கத்துக்கு வேறு வைத்தியம்.

முதலில் எண்ணெய் எதுவும் தடவாமல் ஒரு தடவை நன்றாக எரிக்க வேண்டும். பட்டறையிலிருந்து வரும் இரும்பில் கட்டிங் ஆயில், மார்க்கர் கோடு, வெல்டிங் தூள் எல்லாம் இருக்கும். போஸ்ட் ஓக் (ஒருவகை ஓக் மரம்) விறகு போட்டு, உருளைக்குள் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் ஒன்றிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். ஆறியதும் ஈரமில்லாத துணியால் அழுத்தித் துடைத்தால் துணி கருத்து வரும். துணி ஓரளவு சுத்தமாக வரும்வரை துடையுங்கள்.

இப்போது எண்ணெய். உள்ளே எனக்குக் கனோலா போதும். கிரேப்சீடும் (திராட்சை விதை எண்ணெய்) சரிதான். ஆளிவிதை எண்ணெய்தான் கெட்டியான தோல் தரும் என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தத் தோல் கொஞ்ச நாளில் செதில் செதிலாகப் பெயரும், செதில் கறியின் மேல் விழும். கடையில் பெயிண்ட் வரிசையில் விற்கும் ‘பாயில்டு லின்சீடு ஆயில்’ (லின்சீடு என்றால் ஆளிவிதைதான்) பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்தது அது. உணவு வைக்கிற இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

தடவும்போது தாராளம் கூடாது. துணியை எண்ணெயில் நனைத்து உள்சுவர், மூடியின் அடிப்பக்கம், கம்பித்தட்டு எல்லாவற்றிலும் பூசுங்கள். அப்புறம் வேறொரு காய்ந்த துணியை எடுத்து, தடவியதையெல்லாம் திரும்ப எடுத்துவிடுவதுபோலத் துடைக்க வேண்டும். விரலால் தொட்டால் விரல் மினுமினுக்க வேண்டும், எண்ணெய் வழியக் கூடாது. உருளையின் அடியில் எண்ணெய் தேங்கினால் அங்கே மட்டும் பிசின் மாதிரி ஒட்டும். பல மாதம் போனாலும் அந்த ஒட்டு போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்ப்ரே பாட்டிலில் அடிப்பவர்கள் தீ மூட்டுவதற்கு முன்னாலேயே அடித்து முடித்துவிடுங்கள். எண்ணெய்ப் பனி நெருப்பில் பட்டால் குப்பென்று பிடிக்கும்.

பிறகு சின்னத் தீயில் தொடங்கி 275 வரை கொண்டுபோய், இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே நிறுத்துங்கள். புகைபோக்கியின் மூடியை முழுதாகத் திறந்தே வையுங்கள். ஃபயர்பாக்ஸை ஒட்டிய பக்கம் முதலில் கருக்கும், மறுமுனை பழுப்பாகவே நிற்கும். அதற்காக எண்ணெயை மறுபடி மறுபடி அடிக்க வேண்டியதில்லை. ஒரு சுற்று போதும், மிச்சத்தைக் கொழுப்பும் புகையும் பார்த்துக்கொள்ளும். முதல் சமையலுக்கு பிரிஸ்கெட்டைவிட (மாட்டின் மார்புக் கறி) கொழுப்புள்ள பன்றித் தோள்பட்டைதான் என் தேர்வு. உருகுகிற கொழுப்பு ஆவியாகிச் சுவரெல்லாம் படியும், கறியும் சுலபத்தில் கெட்டுப்போகாது.

உள்பக்கம் அவ்வளவுதான். உண்மையான போராட்டம் வெளியே, அதிலும் ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டில். எந்த எண்ணெய்த் தோலும் அந்தச் சூட்டில் நிலைக்காது, எரிந்து சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு தெரியும். 1200 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்ட பெயிண்ட்கூட அந்த இடத்தில் வெளிறி உரியத்தான் செய்கிறது. அதனால் நான் பெயிண்ட் பக்கமே போவதில்லை. சமைத்து முடித்து, தீ அணைந்து, தகடு கை வைத்தால் சுருக்கென்று சுடும் பதத்தில் இருக்கும்போதே கையுறை போட்டுக்கொண்டு எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. ஐந்து நிமிஷ வேலை. இதை ஒவ்வொரு தடவையும் செய்தால் துருவுக்கு இடமே இல்லை.

உருளையின் வெளிப்பக்கத்துக்குப் பாயில்டு லின்சீடு தாராளமாகப் போடலாம், சூடு குறைந்த இடத்தில் நன்றாக நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துத் தரையில் வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

ஏற்கெனவே துருப்பிடித்திருந்தால் பதற்றம் வேண்டாம். மேலாக இருக்கும் ஆரஞ்சுத் துருவை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, 80 நம்பர் உப்புத்தாளால் இழுத்து, துணியால் துடைத்து, உடனே எண்ணெய். ‘உடனே’ என்பதுதான் முக்கியம். தேய்த்த இரும்பை இந்த ஊர்க் காற்றில் மதியச் சாப்பாடு முடியும்வரை விட்டால், திரும்பி வரும்போது மறுபடி சிவந்திருக்கும். வயர் பிரஷை கம்பித்தட்டில் மட்டும் போடாதீர்கள், உதிர்ந்த கம்பி முடி கறியோடு வயிற்றுக்குள் போய்விடும். உள்ளே பூஞ்சை வந்திருந்தால் 400 வரை ஏற்றி எரித்து, சுரண்டி, துடைத்து, மறுபடி பழக்க வேண்டியதுதான்.

இத்தனை செய்தும் ஃபயர்பாக்ஸின் அடித்தகடு ஓட்டையாகிறது என்றால் காரணம் சாம்பல். சாம்பல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் இரும்போடு ஒட்டியே கிடந்து துருப்பிடிக்க வைக்கும். முழுதாக ஆறியதும், பெரும்பாலும் மறுநாள் காலை, தகரப் பெட்டியில் வாரி எடுத்துவிடுங்கள்.

மூடி வைப்பதைப் பற்றி: சூடாக இருக்கும்போது தார்ப்பாய் போட்டால் உள்ளே வியர்த்து ஊறிவிடும். போடாமல் விட்டால் மழை. கூரைக்குக் கீழே தள்ளிவிட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாதவர்கள் மறுநாள் ஆறிய பிறகு தளர்வாகப் போர்த்தி, அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள். புகைபோக்கியின் வாயில் ஒரு பெரிய காலி தகர டப்பாவைக் கவிழ்த்துங்கள், அடுத்த முறை தீ மூட்டுவதற்கு முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.