வலையில டேங்க் கிளீனர் மாட்டினா என்ன பண்றது

ஏரியில வலை போடுறவங்க, தூண்டில் போடுறவங்க, வீட்டுல மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். கடையில விரல் நீளத்துல வாங்குற அந்த டேங்க் கிளீனர், சக்கர் மீனுன்னும் சொல்வாங்க, அது தென் அமெரிக்கா ஆத்து மீன். ஒண்ணரை அடி வரைக்கும் வளரும், தொட்டி பத்தலன்னு யாரோ ஏரியில விட்டது இன்னைக்கு சென்னையைச் சுத்தி எத்தனையோ ஏரியில குட்டி போட்ட மாதிரி பெருகிக் கிடக்கு.

முதல்ல அடையாளம் சரியா பாருங்க, இதுல அவசரப்பட்டா நம்ம ஊர் கெளுத்தியை அநியாயமா கொன்னுடுவோம். நம்ம கெளுத்திக்கு செதிலே கிடையாது, மேல் வழவழன்னு இருக்கும், மீசை நீளமா இருக்கும். டேங்க் கிளீனர் உடம்பு பூரா எலும்புத் தகடு, தடவினா அரம் மாதிரி சொரசொரங்கும். திருப்பிப் போட்டா வாய் அடியில வட்டமா இருக்கும், வயித்துல புழு நெளிஞ்ச மாதிரி கோடோ புள்ளியோ தெரியும். முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி விரியும். இதுல ஒண்ணு ரெண்டு ஒத்துவரலன்னா போட்டோ எடுத்துட்டு தண்ணியிலயே விட்டுடுங்க.

வலையிலேர்ந்து எடுக்கறதுதான் பெரும்பாடு. எங்க மாமா மதகுகிட்ட தங்கூசி வலை விட்டு காலையில இழுத்தப்ப கெண்டை ரெண்டு, டேங்க் கிளீனர் பதினொண்ணு, பக்கத்துத் துடுப்பு முள்ளை விரிச்சு பூட்டிக்கிச்சு, அவர் கோவத்துல வாலைப் பிடிச்சு பின்னால இழுக்க கையும் கிழிஞ்சுது வலையும் கிழிஞ்சுது, அந்த வலை ரெண்டே மாசம் முன்னாடி கடன்ல வாங்கினது. அதனால பின்பக்கமா இழுக்கவே இழுக்காதீங்க. ஈரச் சாக்கை மேல போட்டு அமுக்கிக்கங்க, முள்ளுல சிக்கின கண்ணி ரெண்டு மூணை மட்டும் சின்ன கத்தரியால வெட்டுங்க, அப்புறம் தலைப்பக்கமா முன்னால தள்ளுங்க, வந்துடும். ரெண்டு கண்ணி போனா தைச்சுக்கலாம், மொத்தமா போனா தைக்க முடியாது.

எடுத்ததைத் திரும்ப தண்ணியில போடாதீங்க. கரையில வீசிட்டும் போகாதீங்க, இது வாயால காத்தை முழுங்கி வயித்துலயே சுவாசிக்கிற மீன், மணிக்கணக்கா துடிச்சுக்கிட்டு கிடக்கும், தண்ணி பக்கத்துல இருந்தா நெளிஞ்சு உள்ள போயிடும். கனமான கட்டையால கண்ணுக்குப் பின்னால மண்டையில ஓங்கி ரெண்டு அடி, உடனே முடிஞ்சுடும், செவுள் அசையலன்னு பாத்துக்கங்க. அதுவும் ஒரு உயிர்தான், வேணும்னே இங்க வரல, சித்திரவதை வேண்டாம். அப்புறம் கரையை விட்டுத் தள்ளி குழி வெட்டி, தென்னை மரத்தடியா இருந்தா ரொம்ப நல்லது, புதைச்சுடுங்க. பெரு நாட்டுல இதோட சொந்தக்கார மீனை சூப் வச்சு சாப்பிடுறாங்க, ஆனா சாக்கடை கலக்குற ஏரியில அடிச்சேத்தை மேஞ்ச மீனை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டேன், நீங்களும் வேண்டாம்.

சும்மா பாசி தின்னுட்டு இருக்குற மீனுக்கு எதுக்கு இவ்ளோன்னு சிலர் கேக்குறாங்க. மெக்சிகோவுல இன்பியர்னில்யோ அணையில ஒரு காலத்துல ஜிலேபி மீனா அள்ளுவாங்க, இது உள்ள வந்த பிறகு வலை பூரா இதுவேதான், பொழைப்பே போச்சு அந்த ஜனங்களுக்கு. வங்கதேசம் 2023-ல தடையே போட்டுடுச்சு.

வீட்டுத் தொட்டியில பெருசாயிடுச்சுன்னா ஏரி, கிணறு, கோயில் குளம் எதுலயும் விடாதீங்க, கழிவறையிலயும் போடாதீங்க. வாங்கின கடையில திருப்பிக் கேளுங்க, பணம் தராட்டியும் பரவால்ல, பெரிய தொட்டி வச்சிருக்கிறவங்ககிட்ட குடுங்க. பாசிக்கு ஸ்பாஞ்ச் போதும், லைட்டையும் தீனியையும் குறைச்சா பாதிப் பாசி வராது.

கடைசியா ஒண்ணு, கோடையில தண்ணி இறங்கினதும் ஏரிக்கரை ஓரமா ஒரு நடை போயிட்டு வாங்க. கரைச்சரிவுல கை நுழையிற அளவு ஓட்டை வரிசையா இருந்தா அது டேங்க் கிளீனர் முட்டை வைக்கத் தோண்டின வளை, சிலது மூணடி ஆழம்கூடப் போகும், ஆண் மீன் உள்ளேயே காவல் இருக்கும். தண்ணி வத்தினாலும் ஈரம் இருக்குற வரைக்கும் அதுக்குள்ள உயிரோட கிடக்கும். மழை வந்தா கரை அங்கதான் முதல்ல சரியும். ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு செருப்பை வச்சு அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, எந்த இடம்னு குறிச்சு மீன்வளத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் மனுவா குடுங்க, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியே, அதாவது செப்டம்பருக்குள்ள.