டியர்டிராப் கதவுக்கு அலுமினியப் பட்டை பொருத்துவது எப்படி

வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடக்கூடிய டியர்டிராப் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கண்ணீர்த்துளி வடிவப் படுக்கை வண்டி, 1930களில் அமெரிக்காவில் பரவிய வடிவம். இன்றும் அங்கே பலர் செய்வது அதே கட்டுமானம்தான்: 18 மி.மீ. (முக்கால் அங்குலம்) பிளைவுட் சுவர், அதன் மேல் 1 மி.மீ. அலுமினியத் தகடு, பக்கத்துக்கு ஒரு கதவு. மழைநீர் உள்ளே புகுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் கதவு. அந்தக் கதவின் விளிம்பில் ஓடும் உலோகப் பட்டையை வெறும் அழகுப் பொருளாக நினைத்து, எல்லா வேலையும் முடிந்த பிறகு வாங்குவது வழக்கமாகிவிட்டது. சரியான வரிசை நேர் எதிர். முதலில் பட்டை கைக்கு வர வேண்டும், அதை அளந்த பிறகே கதவை அறுக்க வேண்டும்.

எந்தப் பட்டை

இங்கே பேசுவது ஆங்கில T வடிவப் பட்டையைப் பற்றி. அதன் கால் கதவின் பக்கவாட்டு விளிம்பை ஒட்டி இடைவெளிக்குள் இறங்கும். தலையின் ஒரு பாதி (உள்விளிம்பு) கதவின் முகத்தில் திருகப்படும். மறுபாதி (வெளிவிளிம்பு) இடைவெளியைத் தாண்டிச் சுவரின் மேல் படியும். கீழே வரும் கணக்கெல்லாம் 12 மி.மீ. உள்விளிம்பும் 18 மி.மீ. வெளிவிளிம்பும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள பட்டைக்கு. உங்கள் பட்டை வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

அனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடுப் பூச்சு ஏற்றிய பட்டை வேண்டாம். வளைக்கும்போது அந்தப் பூச்சு மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். திரும்பச் சரிசெய்ய வழியில்லை. பூச்சில்லாத பட்டையை வாங்கி, வளைத்து முடித்தபின் மெருகேற்றிக்கொள்ளலாம். செம்பு கலந்த மருந்தேற்றிய பிளைவுட்டையும் கதவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஈரம் பட்டால் அந்தச் செம்பு அலுமினியத்தை அரித்துத் தின்னும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. 700 மி.மீ. அகலம், 900 மி.மீ. உயரம், நான்கு மூலையிலும் 200 மி.மீ. ஆரம் உள்ள கதவின் சுற்றளவு ஏறக்குறைய 2,860 மி.மீ. எட்டடிப் பட்டை 2,438 மி.மீ.தான் இருக்கும், ஒன்று போதாது. பன்னிரண்டடி கிடைத்தால் ஒரே துண்டில் முடியும். ஆனால் அவ்வளவு நீளத்தை வளையாமல் அனுப்பி வைப்பது சிரமம், கட்டணமும் அதிகம். கதவுக்கு இரண்டு எட்டடித் துண்டு வாங்குவதே நடைமுறை. வளைக்கும்போது பிடித்துக்கொள்ள ஒவ்வொரு முனையிலும் 150 மி.மீ. வீணாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி

சுவரிலிருந்தே கதவை அறுத்தெடுத்தால் ஜிக்சா ரம்பத்தின் பிளேடு விடும் வெட்டு 2 மி.மீ. கூட இருக்காது. 1.5 மி.மீ. காலும் மரத்தின் மேல் பூச்சும் அதற்குள் போனால் கதவு இறுகிவிடும். தேவையானது சுற்றிலும் 6 மி.மீ.: காலுக்கு ஒன்றரை, இரு பக்கப் பூச்சுக்கும் சேர்த்து ஒன்று, மீதி மூன்றரை அசைவுக்கு. ஹார்ட்போர்டில் கதவின் அச்சு ஒன்று வெட்டி, அதை வைத்து ரவுட்டரால் (மரத்தின் விளிம்பைச் செதுக்கும் இயந்திரம்) கதவைச் சுற்றிலும் குறைத்துவிடுவது எளிது. இதற்கு மேல் அகலம் விடாதீர்கள். 18 மி.மீ. வெளிவிளிம்பில் 6 போனால் சுவரின் மேல் படிவது 12தான். அது 10க்குக் கீழே போனால் அடியில் ஒட்டும் ரப்பருக்கு இடம் போதாது.

வெட்டிய பிளைவுட் விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். கதவு, சுவர் இரண்டின் விளிம்புக்கும் நீர்த்த எப்பாக்ஸி (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) இரண்டு கை அடியுங்கள். முதல் பூச்சு மரத்துக்குள் மறைந்துவிடும், இரண்டாவதுதான் மேலே நிற்கும். பட்டை ஏறியபின் அந்த இடத்தைத் திரும்பத் தொட முடியாது.

வளைவு

கடினமான வேலை இதுதான். கால் மட்டும் இருந்தால் எளிதாக வளையும். தலை தட்டையாகக் கதவின் தளத்திலேயே கிடக்கிறது, அதை அகலவாக்கில் வளைக்க வேண்டியிருக்கிறது. 200 மி.மீ. ஆரத்தில் கால் செல்லும் கோடு 314 மி.மீ. என்றால், உள்விளிம்பின் ஓரம் 295தான், வெளிவிளிம்பின் ஓரம் 342. அதாவது உள்ளே 6 சதவீதம் சுருங்க வேண்டும், வெளியே 9 சதவீதம் நீள வேண்டும். ஆரத்தை 100ஆகக் குறைத்தால் இவை 12, 18 என்று இரட்டிப்பாகும். பட்டைகளுக்கு வழக்கமாக வரும் 6063 என்ற அலுமினியக் கலவை, கடினப்படுத்திய நிலையில் 12 சதவீதம் அளவுக்கே நீளும், அதற்குமேல் கிழியும். கிழிவதற்கு முன்பே உள்விளிம்பு அலை அலையாகச் சுருக்கம் விழுந்துவிடும். ஆகவே கதவை வரையும்போதே மூலை ஆரத்தை 200 மி.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஆரம் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தால் பட்டைதான் பழிவாங்கும்.

அச்சு செய்ய 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு வட்டத் துண்டுகள் வெட்டுங்கள். வளைந்த உலோகம் சற்று விரிந்துகொள்ளும் என்பதால் 200 ஆரத்துக்கு 190இல் அச்சு. கீழ்த்துண்டின் விளிம்பைப் பட்டையின் கால் கட்டிக்கொண்டு வரும், உள்விளிம்பு அதன் முகத்தில் படுக்கும். அதன்மேல் இரண்டாவது துண்டை வைத்து போல்ட்டால் இறுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, உள்விளிம்பின் அகலத்துக்கு இடம் விட்டு, அதே 1.5 மி.மீ. அலுமினியத் துண்டும் ஒரு காகித அட்டையும் இடைத்தகடாக இருக்கட்டும். உள்விளிம்பு அந்தப் பிளவுக்குள் வழுக்கிப் போகும், மேலே எழும்ப மட்டும் இடமிருக்காது. சுருக்கத்தைத் தடுப்பது இந்தப் பிளவுதான்.

வளைக்கும் பகுதியைச் சூடாக்கி மென்மையாக்குங்கள். இங்கேதான் பலர் பட்டையை இழக்கிறார்கள். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. 6063 சுமார் 615 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். அதுவரை வெள்ளியாகவே இருந்துவிட்டுத் திடீரென்று சரியும். அதனால் சாதாரணக் குளியல் சோப்பால் பட்டையில் ஒரு கோடு தேய்த்துக்கொள்ளுங்கள். புரொப்பேன் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் நீளவாக்கில் ஆட்டிக்கொண்டே இருங்கள். சோப்புக் கோடு கரும்பழுப்பானதும் சுடரை எடுத்துவிட வேண்டும். தானாக ஆறவிடலாம், தண்ணீர் ஊற்றினாலும் கெடாது. ஆறியபின் வளைத்தால் போதும், சூட்டோடு வளைக்கத் தேவையில்லை. மென்மையான பகுதி எளிதில் நசுங்கும் என்பதால் இரும்புச் சுத்தியல் வேண்டாம். நைலான் சுத்தியலும் மரக்கட்டையும் போதும். வெளிவிளிம்பு கிண்ணம்போல் நிமிரப் பார்க்கும். 20 டிகிரி வளைத்ததும் ஒருமுறை கட்டையை வைத்துத் தட்டிச் சமப்படுத்துங்கள். மொத்தமும் வளைத்துவிட்டுக் கடைசியில் தட்டினால் நேராகாது.

முதலில் 500 மி.மீ. கழிவுத் துண்டில் செய்துபாருங்கள். உண்மையான துண்டில் வளைவை முதலில் முடித்து, கதவில் வைத்துப் பார்த்து, பிறகுதான் நீளத்துக்கு அறுக்க வேண்டும்.

கீல் பக்கம்

கீலின் அச்சாணி இடைவெளிக்கு நேர் மேலே இருந்தால், கதவைத் திறக்கும்போது அந்தப் பக்கத்து வெளிவிளிம்பு சுவருக்குள் அழுந்தும். கதவு இரண்டு விரற்கடை திறந்து நின்றுவிடும், அல்லது பட்டை பிதுங்கும். அச்சாணி வெளிவிளிம்பின் ஓரத்தையும் தாண்டிச் சுவர்ப்பக்கம் வரும்படியான கீல் கிடைத்தால் பட்டையை முழுதாக விடலாம். இல்லையென்றால் கீல் பக்கத்து நேர்த்துண்டில் வெளிவிளிம்பைக் காலோடு ஒட்டி அறுத்துவிடுங்கள். அங்கே மழையைத் தடுக்க முழு நீளக் கீலோ உட்புற ரப்பரோதான் துணை. கீலை மாட்டிக் கதவை ஆட்டிப் பார்க்காமல் பசை நாடாவைப் பிரிக்காதீர்கள்.

பொருத்துதல்

இரண்டு துண்டானால் இணைப்பு பக்கவாட்டில், வளைவு தொடங்குமுன் நேரான பகுதியில், தாழ்வாக வரட்டும். மேல் நடுவில் ஒருபோதும் வேண்டாம். ஒரே துண்டானால் இணைப்பு கீழ் நடுவில். முனைகளுக்கு இடையே 1.5 மி.மீ. விடுங்கள்: ஒன்றரை மீட்டர் அலுமினியம் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 1.4 மி.மீ. நீளும். இணைப்புக்கு அடியில் 50 மி.மீ. மெல்லிய தகடு ஒன்றைப் பியூட்டைல் நாடாவில் (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் நாடா) பதித்து வையுங்கள்.

திருகு, 6 எண், முக்கால் அங்குலம் (19 மி.மீ.), துருப்பிடிக்காத எஃகு. பட்டை, தகடு, நாடா எல்லாம் போக மரத்துக்குள் 15 மி.மீ. இறங்கும். ஓர் அங்குலத் திருகு உள்ளே எட்டிப் பார்க்கும். தலை உருண்டையாக இருக்கட்டும். தட்டைத் தலைத் திருகு 2 மி.மீ. ஆழம் கேட்கும், 1.5 மி.மீ. பட்டையில் அதற்குக் குழி வெட்டினால் துளை கத்தி விளிம்பாகிவிடும், கொஞ்ச நாளில் தலை உள்ளே போய்விடும். பட்டையில் 4 மி.மீ. துளை, மரத்தில் 2.5 மி.மீ. துளை. நேர்ப்பகுதியில் 125 மி.மீ.க்கு ஒன்று, வளைவில் 75க்கு ஒன்று, முனையிலிருந்து 25 தள்ளி முதல் திருகு.

எல்லாத் துளையும் போட்டு, நாடா இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்தபின் பட்டையைக் கழற்றி, பிசிறை அரத்தால் எடுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். உள்விளிம்பின் அடியில் 1.5 மி.மீ. தடித்த பியூட்டைல் நாடா. சிலிக்கான் வேண்டாம், அதன் கறை இருக்கும் இடத்தில் பின்னால் எதுவும் ஒட்டாது, சிலிக்கானே மறுபடி ஒட்ட மறுக்கும். மேல் நடுவிலிருந்து இரு பக்கமும் இறங்கியபடி திருகுங்கள், முதல் சுற்றில் பாதி இறுக்கம் மட்டும். நாடா மெதுவாகத்தான் பிதுங்கும். மறுநாள் இன்னொரு சுற்று இறுக்கி, ஓரத்தில் வந்ததை பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுங்கள். பவர் டிரில்லால் ஒரே மூச்சில் இறுக்கினால் திருகுக்குத் திருகு பள்ளமும் நடுவே மேடுமாகும். தண்ணீர் புகுவது அந்த மேட்டில்.

வெளிவிளிம்பின் அடியில் நாடா வராது, ரப்பர்தான். எவ்வளவு தடிமன் என்பதை ஊகிக்க வேண்டாம். சிறுவர்கள் பிடித்து விளையாடும் களிமண் உருண்டை நாலைந்தைச் சுவரில் வைத்துக் கதவை மூடித் திறந்து, நசுங்கிய தடிமனை அளந்துகொள்ளுங்கள். அதில் ஒன்றரை மடங்கு தடித்த, மூடிய துளை (நீரை உறிஞ்சாத) நுரை ரப்பர் வாங்குங்கள். அதற்கு மேல் தடித்தால் தாழ்ப்பாள் விழாது, கதவின் மேல்மூலை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

கதவின் கீழ்ப்பக்கம் ரப்பரை முழுதாக ஒட்டாதீர்கள். இரண்டு இடத்தில் 25 மி.மீ. விட்டுவிடுங்கள். பெருமழையில் இடைவெளிக்குள் கொஞ்சம் நீர் வந்தே தீரும். வெளியேற வழி இல்லாவிட்டால் அது நிரம்பி உட்புறச் சட்டத்தின் மேல் ஏறும். நாலாபுறமும் இறுக அடைத்த கதவுகளின் அடிச்சட்டம் உளுத்துப்போவதற்கு இதுதான் காரணம்.

சோதிக்கத் தோட்டக் குழாய் போதும், அழுத்தக் குழாய் வேண்டாம். உள்ளே ஒருவர் விளக்கோடு உட்காரட்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் மூன்று நிமிடம் நீர் விட்டு மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்துவரும் நீரால் எங்கே ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. மேல்வளைவில் ஒழுகினால் பெரும்பாலும் சமமாகாத சுருக்கம்; அங்கே இன்னொரு திருகு போடுவதைவிடக் கழற்றிக் கட்டை வைத்துத் தட்டுவது மேல். கீழ்மூலையில் ஒழுகினால் வடிகால் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.